இஎஸ்பி32 பேட்டரியில் போட்டால் கொதிக்கிறது, அவசரம்

பாலக்கோடு_தக்காளி: சொட்டுநீர் வால்வைத் திறந்து மூட இஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள குட்டிக் கட்டுப்பாட்டு போர்டு போட்டிருக்கிறேன். வீட்டில் யூஎஸ்பியில் நன்றாக ஓடுகிறது. காட்டில் பேட்டரியில் போட்டால் கொஞ்ச நேரத்தில் தொட முடியாத சூடு, வைஃபையும் விட்டு விட்டுப் போகிறது. காலையில் தண்ணீர் விடணும். சொல்லுங்க.

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி: புரோகிராமில் சேர்க்கும் வைஃபை லைப்ரரிதான் காரணம். பழைய பதிப்பைப் போடுங்க, எனக்கு அதில்தான் சரியானது.

சால்டரிங்_செல்வன்: லைப்ரரியால் இவ்வளவு சூடு வராதுங்க. என்ன பேட்டரி, எந்தப் பின்?

ஓம்_விதி: பேட்டரி என்றால் ரிமோட் பேட்டரியா, டிராக்டர் பேட்டரியா? கம்பெனி தரும் விவரத்தாள், டேட்டாஷீட் என்று ஒன்று இருக்கிறது தம்பி. சிப்புக்கு 3.0 முதல் 3.6 வோல்ட்தான்.

பாலக்கோடு_தக்காளி: 12 வோல்ட் பைக் பேட்டரி, போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் வின் பின். போர்டில் வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர் 15 வோல்ட் தாங்கும் என்று போட்டிருந்ததே அண்ணா?

சால்டரிங்_செல்வன்: வோல்ட் தாங்கும், சூடு தாங்காது. உங்கள் போர்டில் இருப்பது ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டராகத்தான் இருக்கும். 12-இல் 3.3 போக மிச்சம் 8.7 வோல்ட். கால் ஆம்பியர் ஓடினாலே 2 வாட்டுக்கு மேல் அந்தக் குட்டி ரெகுலேட்டரில் சூடாகத்தான் போகும். சூடு மீறினால் தானே அடங்கும், ஆறினால் திரும்ப வரும். வைஃபை விட்டு விட்டுப் போவது அதனால்தான். எல்எம்2596 பக் மாட்யூல் வாங்குங்க, மிச்சத்தை இப்படிச் சூடாக்காமல் வோல்ட்டைக் குறைக்கும். போர்டை மாட்டும் முன் மல்டிமீட்டர் வைத்து, திருகைத் திருப்பி 5 வோல்ட் வரவழைத்த பிறகுதான் இணைக்கணும். வாங்கி வந்த நிலையிலேயே மாட்டினால் போர்டு போச்சு.

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி: 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டர் போதுமே, விலையும் கம்மி.

ஓம்_விதி: அதுவும் மிச்ச வோல்ட்டைச் சூடாகத்தான் தள்ளும். சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் தகடு வாங்கும் காசுக்குப் பக் மாட்யூலே வந்துவிடும்.

ஓசூர்_ரோஜா: அவசரத்துக்குப் பழைய கார் மொபைல் சார்ஜர் போதும், உள்ளே இருப்பதும் பக்தான். பேட்டரி இல்லையென்று சோலார் பேனலை நேராகக் கொடுத்துவிடாதீங்க, 12 வோல்ட் பேனல் வெயிலில் சும்மா இருக்கும்போது 20-ஐத் தாண்டும். மாட்யூல் பெங்களூரு எஸ்பி ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவு.

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி: பஸ் காசைச் சேர்த்தால் மலிவா? ஆன்லைனில் போடுங்க.

ஓசூர்_ரோஜா: ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம்தானே. ஆன்லைனில் வருவதில் பாதி டூப்ளிகேட்.

ஓம்_விதி: எஸ்பி ரோட்டில் மட்டும் ஒரிஜினலா?

பாலக்கோடு_தக்காளி: கார் சார்ஜர் போட்டாச்சு, சூடு இல்லை. வால்வு திறந்து மூடும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது.

சால்டரிங்_செல்வன்: வால்வை நிறுத்தும்போது அதன் காயிலில் எழும் வோல்ட்டை அடக்க, வால்வுக்குக் குறுக்கே 4007 டயோடு இருக்கிறதா? வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் வரணும். வால்வும் சார்ஜரும் ஒரே ஒயரிலா?

சால்டரிங்_செல்வன்: தம்பி?