சம்பா நெல்லுக்கு ட்ரோன் மருந்து தெளிப்பு: அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

குழு உறவுகளுக்கு வணக்கம். மன்னார்குடிப் பக்கம் நான்கு ஏக்கரில் சம்பா சாகுபடி செய்திருக்கிறேன். பயிர் பால் பிடிக்கும் பருவத்தில் இருக்கும் இந்நேரத்தில், தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே தூர்களில் சாறு உறிஞ்சும் பூச்சியான புகையான் அடையாக ஒட்டியிருப்பதைக் கண்டேன். கைத்தெளிப்பானுக்கு ஆள் கிடைக்காததால், வாடகை ட்ரோனை அமர்த்தலாமா என்று யோசிக்கிறேன்.

என் தயக்கம் இதுதான். கைத்தெளிப்பில் ஏக்கருக்கு ஏறத்தாழ 200 லிட்டர் கரைசலைத் தூரிலேயே பீய்ச்சுகிறோம். ட்ரோனோ சுமார் 10 லிட்டரை மேலிருந்து நுண்துளிகளாகத் தூவிவிட்டுச் சில நிமிடங்களில் ஏக்கரை முடித்துவிடுகிறது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு அது போதலாம். ஆனால் பட்டம் (நடவில் இடையிடையே விடும் இடைவெளி) விடாமல் நெருக்கி நட்ட வயலில், இறக்கைக் காற்றின் அழுத்தம் மருந்தை அடித்தூர் வரை கொண்டு சேர்க்கிறதா? வயல் நீரை முன்கூட்டியே வடித்தவர்களுக்குப் பலன் கூடியதா?

மேலும், கிழக்கு வரப்பை ஒட்டிப் பக்கத்து வீட்டு அண்ணன் மீன் குளம் வைத்திருக்கிறார். மருந்து காற்றில் அங்கே போய்விட்டால் மீனும் போகும், உறவும் போகும். ஆகவே எவ்வளவு தூரம் இடைவெளி விட்டீர்கள், எந்த நேரத்தில் பறக்கவிட்டீர்கள் என்பதைத் தெரிவித்தால் நலம்.

பயிற்சிச் சான்றிதழ் பெற்ற இயக்குநர் மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரத்தில் இருந்தால், ஏக்கர் வாடகையுடன் சொல்லுங்கள். மருந்துக் கடைக்காரரின் கலவைப் பரிந்துரை வேண்டாம்; அது ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.