'சப்போஸிட்லி' விவகாரம்: அலுவலக ஆங்கிலத்தில் ஊகச் சொற்கள் வேண்டுமா?

பின்னலாடைக்காரன் எழுதியது:

எங்கள் திருப்பூர் ஏற்றுமதி அலுவலகத்தில் ஒரு சொல்லால் வம்பு வந்தது. கன்டெய்னர் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டுவிட்டதாக கிளியரிங் ஏஜென்ட் தொலைபேசியில் சொன்னார். அதை எங்கள் இளைஞர் ஒருவர் வெளிநாட்டுக் கொள்முதலாளருக்கு மின்னஞ்சலில் 'த கன்டெய்னர் ஹாஸ் சப்போஸிட்லி லெஃப்ட்' என்று எழுதி அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "உங்கள் ஏஜென்ட் சொல்வதை நீங்களே நம்பவில்லையா? எங்களிடம் எதை மறைக்கிறீர்கள்?"

இப்போது மேலாளர், ப்ராபப்ளி, மேபி, பர்ஹாப்ஸ், அப்பாரன்ட்லி, ப்ரிசூமப்ளி என எந்த ஊகச் சொல்லும் மின்னஞ்சலில் வரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். அவர் செய்தது சரி என்பது என் கட்சி. தெரிந்ததை எழுத வேண்டும், தெரியாததை விசாரித்து எழுத வேண்டும். இந்தச் சொற்கள் விசாரிக்காமல் இருப்பதற்குக் கிடைத்த மறைவிடங்கள். மறுப்பவர்கள் வாருங்கள்.

கரும்பலகை எழுதியது:

நான் மறுக்கிறேன், தம்பி. ஒரு சொல் செய்த தவறுக்கு ஐந்து சொற்களைத் தண்டித்திருக்கிறார் உங்கள் மேலாளர். ஐந்தும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல.

சப்போஸிட்லி என்றால் பெரும்பாலும் 'அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை' என்று பொருள்படும். கொள்முதலாளர் அதைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். அப்பாரன்ட்லி என்பது கேட்டதையோ கண்ணில் பட்டதையோ வைத்துச் சொல்வது. அதில் சந்தேக வாடை குறைவு. ப்ரிசூமப்ளி நம்முடைய சொந்த அனுமானம். யாரும் சொல்லாவிட்டாலும், கப்பல் நேற்றே கிளம்பிவிட்டது, சரக்கு முந்தின நாளே துறைமுகத்துக்குள் போய்விட்டது என்று தெரிந்தால், கன்டெய்னர் அந்தக் கப்பலில் இருக்கும் என்று நாமே முடிவு செய்கிறோம் அல்லவா, அந்த இடத்துக்கு உரியது. ஊகம் யாருடையது என்பதைத்தான் இந்தச் சொற்கள் காட்டுகின்றன. உங்கள் இளைஞர் ஏஜென்ட் சொன்னதைச் சொல்ல வந்தார். அவருக்கு வேண்டியிருந்தது அப்பாரன்ட்லி.

இந்தத் தடுமாற்றம் நம் ஊர்க்காரர்களுக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் 'புறப்பட்டுவிட்டதாம்' என்று ஓர் 'ஆம்' சேர்த்தால் போதும், கேள்விப்பட்ட செய்தி என்பது விளங்கிவிடும். அதில் நம்பிக்கையின்மை கட்டாயம் கிடையாது. அந்த 'ஆம்'முக்கு ஆங்கிலத்தில் இடம் தேடித்தான் நாம் 'ஹி இஸ் கமிங், இட் சீம்ஸ்' என்று வாக்கியத்தின் வாலில் கட்டுகிறோம். நமக்குள் அது 'வருகிறாராம்' என்று கேட்கிறது. வெளிநாட்டவர் காதில் 'எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்று விழுகிறது. தகவல் சொன்னவர் ஒருவர், பொறுப்பு ஏற்பவர் இன்னொருவர் என்று ஆகிவிடுகிறது.

எண்ணிக்கை எழுதியது:

கரும்பலகை அம்மாவின் பிரிவினை அழகாக இருக்கிறது. ஆனால் படிப்பவர் அதே பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பார் என்பதற்கு என்ன உறுதி?

1951இல் அமெரிக்க உளவு மதிப்பீட்டாளர்கள் ஓர் அறிக்கை எழுதினார்கள். யூகோஸ்லாவியா மீது அந்த ஆண்டே படையெடுப்பு நடப்பதை 'சீரியஸ் பாசிபிலிட்டி'யாகக் கருத வேண்டும் என்பது அதன் முடிவு. மதிப்பீட்டுக் குழுவில் இருந்த ஷெர்மன் கென்ட் தம் மனத்தில் வைத்திருந்தது 65க்கு 35, அதாவது நடக்க 65, நடக்காமல் போக 35. பிறகு சக உறுப்பினர்களைக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் 80க்கு 20 என்றார், இன்னொருவர் 20க்கு 80 என்றார். ஒரே அறைக்குள் உட்கார்ந்து, ஒரே வாக்கியத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர்கள் இவர்கள்! அவர்களுக்கே இந்தக் கதி என்றால் திருப்பூரில் எழுதி வெளிநாட்டில் படிக்கும்போது என்ன ஆகும்? என் ஓட்டு மேலாளருக்கு.

செய்திமேசை எழுதியது:

ஆங்கில நாளிதழ் ஒன்றில் செய்தி திருத்துபவன் நான். எங்கள் தொல்லை வேறு சொல்: அலெஜிட்லி, அதாவது 'குற்றச்சாட்டின்படி'. அதைப் போட்டுவிட்டால் வழக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று புதிதாக வரும் நிருபர்கள் நம்புகிறார்கள். அவதூறு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 499இல் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356இல் இருக்கிறது. இரண்டிலும் அந்தச் சொல்லைச் சேர்த்தவருக்கு விதிவிலக்கு என்று எங்கும் இல்லை. காப்பாற்றக்கூடியது 'முதல் தகவல் அறிக்கை இப்படிக் கூறுகிறது' என்ற வரிதான். அதுவும் அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினால்.

இன்னொரு கொடுமை, குற்றச்சாட்டே இல்லாத இடத்திலும் அது வந்து உட்காருகிறது. பஸ் கவிழ்ந்தது, ஒருவர் 'அலெஜிட்லி' காயமடைந்தார் என்று எழுதி வருகிறது. காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், படம் கூட இருக்கிறது. யார் யார்மீது சாட்டிய குற்றம் அது?

ஆகவே நான் பாதி மேலாளர் பக்கம். செய்தி எங்கிருந்து வந்தது என்பதை வெளிப்படையாக எழுதினால் ஊகச் சொல்லின் தேவை வெகுவாகக் குறையும்.

கரும்பலகை எழுதியது:

எண்ணிக்கை, கென்ட் கதையின் பின்பாதியையும் சொல்ல வேண்டும் ஐயா. அவர் அந்தச் சொற்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் அளவு கட்டச் சொன்னார். 1964இல் எழுதிய கட்டுரையில் 'ப்ராபபிள்' என்றால் ஏறக்குறைய 75 விழுக்காடு, 12 கூடலாம் அல்லது குறையலாம் என்று வரையறுத்தார். இன்று ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி அதே வழியில்தான் நடக்கிறது. அதன் அறிக்கையில் 'லைக்லி' என்றால் 66 விழுக்காட்டுக்குக் குறையாது, 'வெரி லைக்லி' என்றால் 90க்குக் குறையாது. உலகத்தின் வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஊகச் சொல் இல்லாமல் எழுத முடியவில்லை என்றால், துறைமுகத்தில் நிற்கும் சரக்கைப் பற்றி மட்டும் எப்படி முடியும்? நாளை மழை வருமா, சுங்கத்தில் தாமதமாகுமா என்பதையெல்லாம் இன்றைக்கே விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

இடம் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், இங்கே யாரும் தொடவில்லை. எதிர்மறை வாக்கியத்தில் 'ஹி வோன்ட் ப்ராபப்ளி கம்' என்று எழுதுவதை நம்மவர்களிடம் நிறையப் பார்க்கிறேன். 'ஹி ப்ராபப்ளி வோன்ட் கம்' என்பதே இயல்பான வரிசை. உடன்பாட்டில் அது துணைவினைக்குப் பின்னால் போகும்: 'ஹி வில் ப்ராபப்ளி கம்'. மேபி வாக்கியத் தொடக்கத்தில் நிற்கவே விரும்பும். அதை இரண்டாகப் பிரித்து 'மே பி' என்று எழுதினால் வினையாகிவிடும். தடை போடும் நேரத்தில் இந்த மூன்றையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் உங்கள் அலுவலகம் பிழைத்திருக்கும்.

பின்னலாடைக்காரன் எழுதியது:

அம்மா, இடம் பற்றிச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சுங்கத் தாமதம் போன்ற வருங்கால விஷயத்துக்கு ப்ராபப்ளி வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மேலாளரிடம் அந்த ஒரு தளர்வைக் கேட்பேன்.

ஆனால் நடந்து முடிந்ததற்கு அப்பாரன்ட்லி கூட வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. 'ஏஜென்ட் இன்று காலை தெரிவித்தார், துறைமுக ரசீது மாலைக்குள் வரும்' என்று எழுதினால் கொள்முதலாளர் காத்திருப்பார். அப்பாரன்ட்லியில் ஆள் பெயரும் இல்லை, நேரமும் இல்லை. செய்திமேசை சொன்னதும் இதுதான்.

கரும்பலகை எழுதியது:

ஆளும் நேரமும் தெரிந்த இடத்தில் அப்படியே எழுதுங்கள், தடுக்கவில்லை. ஆனால் சப்போஸிட்லியை முழுவதும் ஒழித்துவிடாதீர்கள். சரக்கு நனைந்து வந்தது என்று கொள்முதலாளர் இழப்பீடு கேட்கிறார், ஒரு படம்கூட அனுப்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காப்பீட்டு முகவருக்கு எழுதும்போது 'சப்போஸிட்லி டேமேஜ்டு' என்பது கச்சிதமாக உட்காரும். அங்கே சந்தேகம் உங்களுடையது, அதைச் சொல்ல உங்களுக்கு உரிமையும் உண்டு.

பின்னலாடைக்காரன் எழுதியது:

அந்தக் கடிதம் நாளைக்கே கொள்முதலாளர் கைக்கும் போகலாம், அம்மா. 'படம் கேட்டோம், இன்னும் வரவில்லை' என்றே எழுதுவேன்.