டைனமிக் அசெஸ்மென்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

கிளிநொச்சி, ஆங்கில ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். வன்னிப் பாடசாலைகளின் விசேட கல்வி அலகுகளில் ஆங்கிலம் கற்பிப்போருக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பிள்ளையை முதலில் சோதித்து, தடுமாறிய இடத்தைக் கற்பித்து, மீண்டும் சோதித்து, எவ்வளவு உதவியுடன் முன்னேறுகிறது என்று பார்க்கும் முறைக்கு ஒரு சொல் வேண்டும். ஆங்கிலம் போதாமையையும் கற்றல் இடர்ப்பாட்டையும் பிரித்தறிய இம்முறை உதவும். கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு வளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்த்ததை எதிர்த்தே 1970இல் டயானா வழக்கு எழுந்தது. 'இயங்குநிலைக் கணிப்பீடு' என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

முல்லைத்தீவு, இளைப்பாறிய தமிழாசிரியர்:
இயங்குநிலை என்றதும் பௌதிகவியல் வகுப்புத்தான் நினைவுக்கு வரும். 'கொள்வோன் கொள்வகை அறிந்து' கற்பிக்கச் சொல்கிறது நன்னூல். எனவே 'கொள்வகைக் கணிப்பீடு' என்போம். கொள் என்பது முதனிலை திரிந்து கோள் ஆகும் என்பதால் 'கோட்கணிப்பு' என்று சுருக்கவும் இலக்கணம் இடந்தருகிறது.

வவுனியா, ஆசிரிய ஆலோசகர்:
ஐயா, கோட்கணிப்பு என்று அறிவித்தால் பெற்றோர் சாதகக் குறிப்போடு வந்து நிற்பார்கள். கொள்வகையிலும் எனக்குத் தயக்கம் உண்டு: நன்னூல் அறிந்த பின் கற்பிக்கச் சொல்கிறது, நாமோ கற்பித்துக்கொண்டே அறிகிறோம். கற்பிக்கும் போக்கிலேயே நடத்தும் ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்டைத் தமிழ்நாட்டார் 'வளரறி மதிப்பீடு' என வினைத்தொகையாக ஆக்கியதுபோல் 'கற்பித்தறி கணிப்பீடு' எனலாம். அசெஸ்மென்டுக்கு இலங்கையில் வழங்கும் கணிப்பீட்டை விட்டு மதிப்பீட்டுக்கு மாற வேண்டாம்.

மாங்குளம், விசேட கல்வி ஆசிரியை:
வினைத்தொகையை விரித்துப் பார்க்க வகுப்பில் யாருக்கு நேரம் இருக்கிறது? 'கற்பித்துக் கணித்தல்' என்றால் செய்ய வேண்டியது சொல்லிலேயே இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றைக் கையேட்டில் தடித்த எழுத்தில் இடுங்கள்: தமிழில் கதை சொல்லவும் கட்டளையைப் புரிந்து நடக்கவும் கூடிய பிள்ளை ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால், அதை வைத்துக் கற்றல் இடர்ப்பாடு என்று முடிவுகட்டக் கூடாது, உண்மையான இடர்ப்பாடு வீட்டு மொழியிலும் தலைகாட்டும்.

கிளிநொச்சி, ஆங்கில ஆசிரியை:
தடித்த எழுத்தில் இடுகிறேன். பெரும்பாலோர் தனிமடலில் ஒப்பியதால் தலைப்பில் 'கற்பித்தறி கணிப்பீடு' இருக்கும். முதல் பக்கத்தில் மாங்குளத்து ஆசிரியையின் சொல்லால் விளக்கம் தருகிறேன்.

முல்லைத்தீவு, இளைப்பாறிய தமிழாசிரியர்:
அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் 'அறி' என்பதற்கு எழுவாய் ஆசிரியரா, பிள்ளையா என்று ஒருவரும் சொல்லவில்லை. அது தெளியும்வரை நான் கொள்வகை என்றே எழுதுவேன்.