அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த நெல்லைக்காரர்களுக்கு: டின் மீனும் கேசரோலும்

பாளையங்கோட்டையிலிருந்து மனைவி, பிள்ளைகளுடன் அண்மையில் இங்கே வந்து சேர்ந்த தம்பி ஒருவர், பச்சை மீன் விலை கட்டுப்படியாகவில்லை என்றும், டின் மீனை வாங்கிக் குழம்பு வைத்தால் வீட்டில் ஒருவரும் தொடவில்லை என்றும் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கலந்து ஓவனில் வேகவைக்கும் கேசரோலைப் பிள்ளைகள் கேட்பதையும் குறிப்பிட்டிருந்தார். இதே சங்கடம் வேறு பலருக்கும் இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தம்பி, டின் மீன் என்பது மருந்து போட்டுப் பதப்படுத்திய மீன் அன்று. டின்னில் அடைத்து மூடிய பிறகு, அழுத்தத்தில், மிகுந்த சூட்டில் உள்ளேயே வேகவைத்த மீன். சாளையின் நடுமுள்கூட விரலால் நசுக்கினால் மாவாகிவிடுவது அதனால்தான். அந்த முள்ளை எடுத்து எறிய வேண்டாம், சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே வெந்த இந்த மீனை, பச்சை மீனைப் போல முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் குழம்பு முழுவதும் கரைந்து சக்கையாகத்தான் போகும். உங்கள் வீட்டில் நடந்தது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

கடையில் எதை எடுப்பது என்று தடுமாற வேண்டியதில்லை. உவரியிலிருந்தும் கூத்தங்குழியிலிருந்தும் சைக்கிளில் கூடை கட்டி வந்து தெருவில் கூவி விற்ற சாளையின் இனம்தான் இங்கே சார்டின் என்று தட்டையான டின்னில் வருகிறது. டியூனா நம் சூரை. மாசிக் கருவாடு ஆகிறதே, அதே மீன் கூட்டம். உயரமான 15 அவுன்ஸ் டின்னில் மலிவாகக் கிடைக்கும் ஜாக் மாக்கரலைக் கானாங்கெளுத்தி என்று நினைத்துவிடாதீர்கள், அது பாறை மீனின் இனம். ஆனாலும் புளிக்குழம்புக்கு அதுவே எனக்கு முதல் தேர்வு. இலங்கைத் தமிழர் வீடுகளில் டின் மீன் குழம்பு நெடுநாள் வழக்கம், அவர்களிடம் கேட்டால் இன்னும் நுணுக்கம் சொல்லுவார்கள். விலை பார்க்கும்போது டின்னின் விலையைப் பார்க்காமல், அலமாரிச் சீட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் அவுன்ஸ் விலையைப் பாருங்கள். 5 அவுன்ஸ் டியூனா டின்னில் நீரை வடித்தால் மீன் ஏறத்தாழ 4 அவுன்ஸ்தான் தேறும்.

குழம்புக்கு வருகிறேன். தேங்காய், சீரகம், நான்கைந்து சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஆகியவற்றை வெண்ணெய் போல அரைத்துக்கொள்ளுங்கள். உறைய வைத்த தேங்காய்த் துருவலே போதும். நல்லெண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, உள்ளியும் பச்சை மிளகாயும் வதங்கியபின் புளிக்கரைசல், மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள் தூள் சேர்த்துப் பச்சை வாடை போகும்வரை கொதிக்கவிட்டு, அரைப்பை ஊற்றி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்வரை பொறுத்திருங்கள். மீன் இல்லாமலேயே குழம்பு முழுமையாகத் தயாராகிவிட வேண்டும். அதன் பிறகு தீயைக் குறைத்து, டின்னில் உள்ள நீரை அல்லது எண்ணெயை வடித்துவிட்டு, துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள். கரண்டி போடாதீர்கள், சட்டியை இரு பக்கமும் பிடித்து மெல்லச் சுழற்றினால் போதும். ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்து மூடி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பரிமாறுங்கள். தக்காளிச் சாற்றில் வரும் சார்டினானால் புளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். உப்பைக் கடைசியில் பார்த்துச் சேருங்கள், ஏனெனில் டின்னிலேயே உப்பு உண்டு.

டியூனா குழம்புக்கு ஆகாது. அதை இறுகப் பிழிந்து, உள்ளி, பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு வதக்கி, சுறாப்புட்டு போல உதிர்த்து எடுத்தால், மிளகு ரசச் சோற்றுக்கு அதற்குமேல் தொடுகறி தேவையில்லை.

பிள்ளைகள் பள்ளித் தோழர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்கிறார்கள் என்று நீங்கள் குறிப்பிட்ட கேசரோலையும் பார்ப்போம். இது இந்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் சிக்கனச் சமையல். கேம்ப்பெல் நிறுவனம் 1934இல் காளான் கிரீம் சூப்பை டின்னில் விற்கத் தொடங்கிய பிறகு, அந்த ஒரு டின்னும் டியூனாவும் நூடுல்ஸும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் இரவு உணவாகிவிட்டன. உங்கள் அலுவலகத்தில் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பலர் முகத்தைச் சுளித்துக்கொண்டே அம்மாவின் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நம் கூட்டாஞ்சோற்றின் கணக்கும் இதுதானே: அரிசி, பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்கீரை என்று கையில் இருப்பதையெல்லாம் ஒரே பானையில் சேர்த்து, வடகத்தைத் தொட்டுக்கொண்டு வீடு முழுவதும் சாப்பிட்டு எழுந்துவிடலாம்.

செய்முறை எளிது. அரைப் பவுண்டு முட்டை நூடுல்ஸை முக்கால் பதத்தில் வேகவைத்து வடித்து, ஒரு டின் காளான் சூப், அரை டின் பால், நீர் வடித்த இரண்டு டின் டியூனா, ஒரு கப் உறைந்த பட்டாணி, கொஞ்சம் சீஸ் ஆகியவற்றோடு கலந்து, பாத்திரத்தில் பரப்பி, மேலே உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கித் தூவி, 350 டிகிரியில் அரை மணி நேரம் ஓவனில் வைக்க வேண்டும். இந்த 350 என்பது ஃபாரன்ஹீட், செல்சியஸில் 177. ஊர்க்காரர்கள் அப்படியே செய்தால் சப்பென்று இருக்கும். பொடியாக நறுக்கிய உள்ளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையை வெண்ணெயில் வதக்கிச் சேர்த்து, நல்லமிளகைக் கரகரப்பாகப் பொடித்துப் போடுங்கள். டின் சூப்பில் உப்பு மிகுதி என்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிக் கிளறி, வதக்கிய காளானைச் சேர்த்து வீட்டிலேயே செய்துகொள்வது நல்லது. சைவ வீட்டார் மீனுக்குப் பதில் பீன்ஸ் போடலாம்; 1955இல் அதே நிறுவனத்தின் சமையற்கூடத்தில் டார்கஸ் ரெய்லி உருவாக்கிய பீன்ஸ் கேசரோல் இன்றும் நன்றியறிதல் நாள் விருந்தில் இடம்பெறுகிறது. ஓவனைத் தோசைக்கல்லும் இட்லிக்கொப்பரையும் அடுக்கும் அலமாரியாகவே நம்மவர்கள் வைத்திருப்பதால், பொத்தானை அழுத்துமுன் ஒருமுறை உள்ளே பார்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை உடனே சூடான ஓவனில் வைத்தால் வெடித்துவிடக்கூடும்.

தம்பி பின்னர் கேட்டது: அக்கா, மிக்க நன்றி. என் மனைவி கருவுற்றிருக்கிறார். டியூனாவில் பாதரசம் இருக்கிறது என்று பயப்படுகிறார். ஊரிலிருந்து அத்தையும் மீனே வேண்டாம் என்கிறார்.

வாழ்த்துகள் தம்பி. மீனை அடியோடு விட வேண்டியதில்லை என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே கருவுற்றவர்கள் பாதரசம் குறைந்த மீனை வாரத்திற்கு 8 முதல் 12 அவுன்ஸ் வரை சாப்பிடலாம் என்கிறது. பெரிய மீன் சிறிய மீனைத் தின்று வளர்வதால் பாதரசம் அதில் சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே சார்டின், சால்மன் ஆகிய இரண்டும் கவலையில்லாதவை. டியூனா டின்னில் ‘லைட்’ என்று போட்டிருப்பதை வாரம் இரண்டு மூன்று வேளை உண்ணலாம். ‘ஒயிட்’ அல்லது ‘அல்பாகோர்’ என்று இருந்தால், அந்த வாரம் வேறு மீன் இல்லாமல், 4 அவுன்ஸ் அளவில் ஒரு வேளைதான். கிங் மாக்கரல் தவிர்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. அது நம் நெய்மீனுக்கு உறவு என்பதால் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். எதற்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உப்பிய டின்னையும், மூடி இணையும் விளிம்பு மடிப்பில் நசுங்கிய டின்னையும் ருசி பார்க்காமல் குப்பையில் போடுங்கள். திறந்த டின்னில் மீந்த மீனை மூடியுள்ள கிண்ணத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். காலி டின்னை மறுசுழற்சிப் பெட்டியில் போடுமுன் வெந்நீரில் அலசிவிடுங்கள். அடுக்ககத்தில் அடுத்த வீட்டுக்காரர் முறையிடுவது பெரும்பாலும் குழம்பு வாசனைக்கன்று, அந்தக் கழுவாத டின்னுக்குத்தான்.