பழைய மோட்டார் சைக்கிளில் ‘எர்த்’: தமிழில் என்ன சொல்வது?

அனுப்புநர்: செந்தூல்

வணக்கம். பழைய கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) வாங்குகிறவர்களுக்காக நாம் எழுதும் மின்கோளாறு வழிகாட்டி ‘எர்த்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. முதல் வரைவில் ‘புவித்தொடுப்பு’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டில் பச்சை-மஞ்சள் கம்பி உண்மையிலேயே மண்ணில் இறக்கிய தண்டுக்குப் போகிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை அதில் மின்சாரம் ஓடாது; கசிவு வந்தால்தான் ஓடும். மோட்டாரில் கதை நேர்மாறு. இரண்டு ரப்பர் டயர்மேல் நிற்கிற வண்டிக்கும் மண்ணுக்கும் தொடர்பே கிடையாது. சிக்னல், ஹார்ன், பிரேக் லைட், ஸ்டார்ட்டர் எல்லாவற்றின் மின்னோட்டமும் சட்டம், இஞ்சின் உடல், எர்த் கம்பி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. வீட்டில் எர்த் அறுந்தாலும் விளக்கு எரியும், பாதுகாப்புதான் போகும். மோட்டாரில் எர்த் அறுந்தால் விளக்கே எரியாது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், படிக்கிறவர் அதைப் பாதுகாப்புக் கம்பி என்று எண்ணி ஒதுக்கிவிட்டு, பல்பையும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் மாற்றிக்கொண்டிருப்பார்.

என் முன்மொழிவு: மீள்வழி.

அனுப்புநர்: பட்டர்வொர்த்

செந்தூல் அண்ணன் சொன்ன காரணம் சரி. ஆனால் ‘மீள்வழி’ என்றதும் கடனிலிருந்து மீள்வழி, நோயிலிருந்து மீள்வழி என்று மனம் போகிறது. ‘மீள்தடம்’ தேவலை.

பட்டறைப் போர்மன்கள் ‘எர்த்’ என்றும் ‘பாடி’ என்றும் சொல்கிறார்கள். ‘பாடி’யைப் பிடித்துக்கொண்டு ‘சட்டக இணைப்பு’ என்று எழுதலாமா என்றும் பார்த்தேன். பொருந்தவில்லை. பிளாஸ்டிக் மூடிகளுக்குள் ஓடும் பல இணைப்புகள் சட்டத்தைத் தொடுவதே இல்லை. கம்பியாகவே பேட்டரிவரை போகின்றன.

எந்தச் சொல்லை எடுத்தாலும் வரைவில் இருக்கிற ‘கறுப்பு வயர்’ மட்டும் வேண்டவே வேண்டாம். ஹோண்டாவில் எர்த் பச்சை. கறுப்பில் சாவி திறந்ததும் 12 வோல்ட் வரும். யமாஹாவில் எர்த் கறுப்பு. சாவிக்குப் பின் வருவது பழுப்பு. சுசுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு, கவாசாகியில் கறுப்பில் மஞ்சள் கோடு. யமாஹா ஆர்எக்ஸ்இசட்டில் கைபழகியவர் ஹோண்டா இஎக்ஸ்5-இன் கறுப்புக் கம்பியைச் சட்டத்தில் வைத்து முறுக்கினால், சாவியைத் திருகியதும் பியூஸ் போகும். முந்தைய உரிமையாளர் பியூஸுக்குப் பதில் வெள்ளித்தாள் சுற்றி வைத்திருந்தால் வயர்க்கட்டே வெந்துவிடும். பழைய வண்டியில் இது அபூர்வமில்லை. முதலில் பியூஸைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அனுப்புநர்: ஜெலுத்தோங்

> எர்த் சரியா என்று அறிய மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்க்கவும்.

வரைவின் இந்த வரி தவறான தைரியத்தைக் கொடுக்கும். இருபது இழை உள்ள கம்பியில் ஓர் இழை மட்டும் மிஞ்சினாலும் மீட்டர் ஏறக்குறைய சுழியம்தான் காட்டும். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். அதற்கு ஓர் இழை போதும். ஸ்டார்ட்டருக்குப் போதாது. சிறிய வண்டியின் ஸ்டார்ட்டர்கூடப் பல பத்து ஆம்பியர் இழுக்கும். 40 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 0.02 ஓம் தடையுள்ள துருப்பிடித்த போல்ட் 0.8 வோல்ட்டை விழுங்கிவிடும். அந்த 0.02 ஓமைச் சாதாரண மீட்டரால் காட்ட முடியாது. அதன் கம்பிகளின் தடையே அதைவிடப் பல மடங்கு.

ஆகவே மின்னோட்டம் ஓடும்போதே அளக்க வேண்டும். முதலில் பேட்டரி. சாவி மூடியிருக்க, ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது, 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற சோதனை. பிறகு மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் மைனஸ் கட்டைமேலேயே இருக்கட்டும், அதில் மாட்டிய கம்பிமுனை வளையத்தின்மேல் இல்லை. கோளாறுள்ள விளக்கைப் போட்டு, சிவப்பு முனையைப் பல்பு ஹோல்டரின் உலோகத்தில் வையுங்கள். 0.1 வோல்ட் அல்லது அதற்குக் கீழே என்றால் எர்த்மேல் குற்றமில்லை. 0.2 வரை பொறுத்துக்கொள்ளலாம். 0.5 தாண்டினால் குற்றவாளி இந்தப் பக்கம்தான்.

அடுத்து, சிவப்பு முனையை மட்டும் நகர்த்திக்கொண்டே பேட்டரியை நோக்கி வாருங்கள்: ஹோல்டர், எர்த் கம்பியின் இணைப்பான், சட்டத்திலுள்ள போல்ட், போல்ட்டிலுள்ள வளையம், பேட்டரி வளையம். எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளவு திடீரென்று இறங்குகிறதோ, கோளாறு அங்கே. ஸ்டார்ட்டருக்கும் இதே முறை. சிவப்பு முனையை இஞ்சின் உடலில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வைத்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பார்க்க வேண்டும்.

இஞ்சினுக்கும் பேட்டரிக்கும் நடுவிலுள்ள கம்பி போய்விட்டால் மின்சாரம் சும்மா இருக்காது. ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட்டரை அழுத்தும்போது கேபிள் சூடேறினால் வேறு சாட்சி தேவையில்லை.

சொல் எதுவானாலும் எனக்குச் சரி. ‘மீள்தடம்’ என்றால் இந்தச் சோதனையை விளக்க எளிது.

அனுப்புநர்: பிரிக்பீல்ட்ஸ்

ஜெலுத்தோங் தம்பியின் பத்தியை அப்படியே வழிகாட்டியில் சேர்க்கலாம். ‘மீள்தடம்’ பற்றி எனக்கு இரண்டு தடைகள் உண்டு.

ஒன்று, 1960-களின் பிஎஸ்ஏ, டிரையம்ப் போன்ற பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் சட்டத்தோடு பிணைந்திருக்கும். பாடநூல் சொல்லும் மின்னோட்டத் திசையில் பார்த்தால், அங்கே மின்சாரம் சட்டத்தின் வழியாகப் புறப்படுகிறது, திரும்புவதில்லை. ‘மைனஸ் இணைப்பு’ என்று எழுதினாலும் அந்த வண்டிக்குப் பிழை.

இரண்டு, கப்சாய்களின் ஹெட்லைட். இஞ்சின் வேகம் கூடக் கூட வெளிச்சம் கூடுகிறதென்றால் அது பேட்டரியில் எரியவில்லை. இஞ்சினோடு சுற்றும் காந்தத்தால் மின்சாரம் தரும் ஸ்டேட்டர் சுருளிலிருந்து வரும் மாறுதிசை மின்னோட்டத்தில் எரிகிறது. அதற்குப் போவதும் இல்லை, மீள்வதும் இல்லை. நொடிக்குப் பலமுறை திசை மாறுகிறது. அந்தச் சுருளின் ஒரு முனை இஞ்சின் உடலோடு பிணைந்திருப்பதால், ஹெட்லைட் சுற்றுக்குப் பேட்டரி ஒரு பொருட்டே இல்லை. ஆக, அந்த விளக்கைச் சோதிக்கும்போது மீட்டர் ஏ.சி. அளவில் இருக்க வேண்டும். கறுப்பு முனை பேட்டரியில் இல்லாமல் இஞ்சின் உடலில் இருக்க வேண்டும். மேலே சொன்ன முறையில் இதைச் சேர்க்காவிட்டால் ஹெட்லைட்டில் எல்லாரும் குழம்புவார்கள்.

எல்லாச் சுற்றுகளும் பகிர்ந்துகொள்ளும் ஒரு பக்கம் என்பதுதான் எந்த வண்டிக்கும் பொருந்துகிற இலக்கணம். என் முன்மொழிவு: பொதுத்தடம். வயரிங் வரைபடக் குறியீட்டிலும் இந்தப் பிரிவு உண்டு: குறுகிக்கொண்டே போகும் மூன்று கோடுகள் மண்ணுக்கு, சாய்ந்த பற்கள் கொண்ட சீப்பு போன்றது சட்டத்துக்கு. கையேடு அச்சிடுகிறவர்கள் எல்லாரும் அதைப் பின்பற்றுவதில்லை என்பது வேறு விஷயம்.

அனுப்புநர்: செந்தூல்

ஐயா, ‘மீள்’ போகட்டும், விட்டுவிடுகிறேன். ஆனால் ‘பொது’ என்றால், ஹோண்டாவில் சாவி தாண்டிவரும் கறுப்புக் கம்பியும் பொதுதானே? சிக்னல், ஹார்ன், பிரேக் லைட் மூன்றும் அதிலிருந்துதான் எடுக்கின்றன. மூன்றும் ஒன்றாக மங்கினால் எந்தப் ‘பொது’வைச் சந்தேகிப்பது?

அனுப்புநர்: பட்டர்வொர்த்

கறுப்புக் கம்பிக்கு ‘பொது ஊட்டம்’ என்று தனிப்பெயர் கொடுத்துவிடலாம், அண்ணே. இரண்டில் எது கெட்டது என்று பிரிக்க மீட்டர்கூட வேண்டாம். இரண்டு முனையிலும் கவ்வி மாட்டிய 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்று போதும். ஒரு கவ்வி பேட்டரி மைனஸில், மறு கவ்வி மங்கிய பல்பின் ஹோல்டர் உலோகத்தில். பளிச்சென்று எரிந்தால் பொதுத்தடம் கெட்டிருக்கிறது. மாற்றமில்லை என்றால் ஊட்டத்தைப் பாருங்கள்: பியூஸ் பிடிப்பு, சாவித் தொடுப்பு, இணைப்பான்.

இன்னோர் அடையாளமும் உண்டு. ஊட்டம் கெட்டால் விளக்குகள் மங்கும் அல்லது அணையும், அவ்வளவுதான். பொதுத்தடம் கெட்டால் விளக்குகள் கோமாளித்தனம் பண்ணும். பின்விளக்கும் பேட்டரியில் எரிகிற வண்டியில், 21/5 வாட் இரட்டை இழைப் பல்பின் எர்த் அறுந்தால், பிரேக் மிதிக்கும்போது மின்சாரம் மற்ற இழை வழியாகப் பின்னோக்கி ஏறி வேகமானி விளக்கை லேசாக எரிய வைக்கும். சிக்னல் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடிக்கும். ஹேண்டிலைத் திருப்பும்போது ஹார்ன் வந்து வந்து போனால், ஹேண்டிலுக்கான கம்பி அறுந்து, ஸ்டியரிங் பேரிங் வழியாக மின்சாரம் ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். ஹார்ன் பித்தான் எர்த் பக்கத்தில் இருக்கும் யமாஹாக்களில் இது வரும்.

அனுப்புநர்: ஜெலுத்தோங்

ரெகுலேட்டரையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். அதன் எர்த் கம்பி விட்டுப்போனால் மிகுதி வோல்ட்டை அதனால் வடிக்க முடியாது. ஹெட்லைட் பல்பு அடுத்தடுத்துப் போகும். நல்ல ரெகுலேட்டரைத் தூக்கிப் போடுவது இதனால்தான். புதிது வாங்குமுன் அந்தக் கம்பிக்கும் இஞ்சின் உடலுக்கும் நடுவே அளந்து பார்க்க வேண்டும்.

பழுதுநீக்கும் பகுதிக்கு: பழைய வண்டியை விற்குமுன் சட்டத்துக்கு ஸ்ப்ரே அடித்திருப்பார்கள். எர்த் வளையத்துக்கு அடியிலும் பெயிண்ட் போயிருக்கும்; பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டைக் கழற்றி, வளையத்தின் அகலத்துக்கு வெற்று உலோகம் தெரியும்வரை உப்புத்தாள் போட வேண்டும். வளையத்தைக் கம்பியில் சுற்றி ஒட்டாமல் நசுக்கிப் பிடிக்க வேண்டும். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசலாம். முதலிலேயே பூசிவிட்டு முறுக்கக் கூடாது. பினாங்குக் கடற்காற்றில் வாசலின் இல்லாத வளையம் சீக்கிரமே பச்சை பூத்துவிடும். பொதுத்தடத்தில் பியூஸ் போடாதீர்கள்: அது போனாலும் ஊட்டப் பக்கம் உயிரோடுதான் இருக்கும்.

அனுப்புநர்: பிரிக்பீல்ட்ஸ்

சொற்பட்டியலுக்கான பதிவு:

பொதுத்தடம்: வண்டியின் சட்டம், இஞ்சின் உடல், அவற்றோடு பிணைந்த கம்பிகள் சேர்ந்து, எல்லா மின்சுற்றுகளுக்கும் ஒரு பக்கமாக அமையும் கடத்துவழி. பேட்டரியின் ஒரு முனை, பெரும்பாலும் எதிர்முனை, இதில் பிணைந்திருக்கும். மண்ணோடு தொடர்பில்லை. பேச்சில்: எர்த், பாடி.

பேட்டரி கழற்றும் பத்தியிலும் இந்தச் சொல்லே வரட்டும்: ‘பொதுத்தடத்தில் பிணைந்த முனையை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு.’ ஸ்பேனர் சட்டத்தில் பட்டாலும் தீப்பொறி வராது. பிரிட்டிஷ் வண்டிக்கும் இந்த வரி மாறாது.

‘புவித்தொடுப்பு’ வீட்டு வயரிங்குக்கே இருக்கட்டும். மோட்டார் கடையில் சாமான் கேட்கும்போது ‘எர்த் வயர்’ என்றே கேட்கச் சொல்லி ஓர் அடிக்குறிப்பு போடுங்கள், செந்தூல். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அடுத்தது, ஜெலுத்தோங் அளக்கச் சொன்ன அந்த 0.5 வோல்ட்: அதை ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்பதா, ‘இழப்பு’ என்பதா?