படுத்தால் மட்டும் மூக்கடைப்பு: மெத்தை உறை பற்றி உதவி தேவை

தூசிப்பூச்சி (படுக்கைத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சி) அலர்ஜி உள்ளவர்களிடம் ஒரு கேள்வி. பகலில் தொல்லை இல்லை, படுத்ததும் மூக்கு அடைக்கிறது.

விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம் (வெறும் வெதுவெதுப்பில் பூச்சி சாகாது). அறை ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ்தான். ஸ்டீராய்டு ஸ்பிரேயும் முறைப்படிதான்: கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைசல் கலந்து மூக்கைக் கழுவி, லேசாகக் குனிந்து, முனையைக் காதுப்பக்கம் சாய்த்து அடிப்பது. மூக்கின் நடுத்தண்டில் (இரு துளைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில்) பட்டால் ரத்தம் கசியும். செடிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை தும்மலை நிறுத்துகிறது. அடைப்பைப் பெரிதாகத் தொடுவதில்லை, அதன் இயல்பே அப்படி. மூக்கடைப்புக்கு விடும் ஆக்சிமெட்டாசோலின் சொட்டு மட்டும் சொல்லாதீர்கள், சில நாள் தாண்டினால் அதுவே அடைப்பைக் கூட்டும்.

மிச்சம் மெத்தைதான். ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும், நெருக்கமாக நெய்த உறை பயன்படுத்துபவர்கள் சொல்லுங்கள்: வியர்க்கிறதா? ஜிப் ஓரத்தில் தூசி கசிகிறதா? தலைமாட்டை உயர்த்தியதில் பலன் உண்டா?