மலைப்பள்ளியிலிருந்து மாறுதல் கிடைத்தாச்சு. சந்தோஷமும் இல்லை, தூக்கமும் இல்லை

சுனைப்பாறை:

வணக்கம். அறிவியல் பட்டதாரி ஆசிரியர். மலைமேல் அரசு உயர்நிலைப் பள்ளி, ஆறு முதல் பத்து வரை. கணிதப் பணியிடம் காலி என்பதால் பத்தாம் வகுப்புக் கணக்கும் என் தலையில். எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் தரவுத் தளம்), உதவித்தொகை, இன்ஸ்பயர் (மாணவர் அறிவியல் விருது) பதிவு எல்லாமே நான்தான். பொங்கல் முடிந்தால் பெற்றோர் கரும்பு வெட்டவும் குடகுத் தோட்டங்களுக்கும் கிளம்பிவிடுவார்கள். கூடவே போகும் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வருவதும் வேலையில் சேர்த்தி.

கலந்தாய்வில் கீழே, வீட்டுக்குப் பக்கத்தில் இடம் எடுத்தாச்சு. ஆணையும் வந்துவிட்டது. எல்லோரும் வாழ்த்துகிறார்கள். எனக்கோ சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உடம்பு முழுக்க அசதி, நடுராத்திரியில் விழிப்பு. ஒரு நிமிஷம் ‘தப்பிச்சோம்’, அடுத்த நிமிஷம் ‘விட்டுட்டு ஓடுறோம்’.

கேட்க வேண்டியவை: சாவி, பதிவேடு தவிர வேறு என்னென்ன ஒப்படைக்க வேண்டும்? பிள்ளைகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது? இந்த அசதி புதுப் பள்ளிக்குப் போனால் தானாகச் சரியாகுமா?

—

ஓய்வு_தஆ:

வாழ்த்துகள் சார். மனசு விஷயத்தை மற்றவர்கள் சொல்வார்கள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நான், காகித விஷயம் சொல்கிறேன். காகிதம் அரைகுறையாக நின்றால் பழைய பள்ளி மாதக்கணக்கில் உங்களைப் பின்னாலிருந்து இழுக்கும்.

ஆணையைக் கடைசி வரி வரை படியுங்கள். பதிலி பணியேற்ற பிறகே விடுவிக்க வேண்டும் என்று வரி இருந்தால் தலைமையாசிரியரோடு வாதாடிப் பயனில்லை. அப்படி வரி இல்லாமல் அவரே தடுத்தால், விடுவிக்கக் கோரி எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

விருப்ப மாறுதலுக்குப் பணியேற்பிடைக் காலம் (விடுவிப்புக்கும் பணியேற்புக்கும் நடுவில் தரும் நாள்கள்) கிடையாது. ஆகவே வெள்ளி பிற்பகல் விடுவிப்பு, திங்கள் முற்பகல் பணியேற்பு என்று கேட்டு வாங்குங்கள். நடுவில் இரண்டு நாள் மூச்சு விடலாம். புதன் பிற்பகல் விடுவித்தால் வியாழன் காலை புதுப் பள்ளியில் நிற்க வேண்டியிருக்கும். அசதியாக இருக்கிறதே என்று இரண்டுக்கும் நடுவில் மருத்துவ விடுப்பு போடாதீர்கள். விடுப்பை எந்தப் பள்ளி அனுமதிப்பது, அந்த நாள்களின் சம்பளத்தை யார் போடுவது என்று இழுபறியாகும். விடுப்பு வேண்டுமென்றால் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து எடுங்கள்.

பணிப்பதிவேட்டை உங்கள் கண்ணாலேயே பக்கம் பக்கமாகப் பாருங்கள். கடைசி ஊதிய உயர்வு ஏறியிருக்கிறதா, ஈட்டிய விடுப்பு (ஆண்டுக்கு 17 நாள்) இன்றுவரை வரவு வைக்கப்பட்டிருக்கிறதா, பணிக்காலச் சரிபார்ப்புக்குக் கையொப்பம் இருக்கிறதா, பென்சிலில் எழுதி விட்டுப்போன குறிப்பு ஏதாவது உண்டா என்று பாருங்கள். இப்போதைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுவிட்டால் ஒரு கையெழுத்துக்காக மலை ஏற வேண்டியிருக்கும். முன் ஊதியச் சான்றில் (பழைய பள்ளி கடைசியாகப் போட்ட சம்பளத்துக்குத் தரும் சான்று) பண்டிகை முன்பணத்தில் எத்தனை தவணை பாக்கி, இந்த அரையாண்டுத் தொழில்வரி பிடித்தாயிற்றா, தற்செயல் விடுப்பு 12-ல் எத்தனை கழிந்தது என்பதெல்லாம் வரட்டும். தொழில்வரி பிடித்த குறிப்பு விட்டுப்போனால் புதுப் பள்ளியில் மறுபடி பிடிப்பார்கள்.

அடுத்தது எமிஸும், சம்பளம் போடும் களஞ்சியம் தளமும். இரண்டிலும் பழைய பள்ளி உங்களை விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் சேர்க்க முடியும். எமிஸை முடித்துவிட்டு சம்பளப் பக்கத்தை மறந்துவிடுவதுதான் வழக்கமான கோளாறு. முதல் மாதச் சம்பளம் நின்ற பிறகுதான் தெரியவரும்.

எல்லோரும் மறப்பது ஓ.டி.பி. தேசிய உதவித்தொகைத் தளத்தில் பள்ளியின் பொறுப்பு அலுவலராக யாருடைய கைபேசி எண் இருக்கிறது? இன்ஸ்பயர் தளம், பள்ளி மின்னஞ்சல் இவற்றின் மீட்பு எண் யாருடையது? அதெல்லாம் உங்கள் எண்ணாகவே இருந்தால், போன பிறகும் ராத்திரி எட்டு மணிக்கு ‘சார், ஓ.டி.பி. சொல்லுங்க’ என்று அழைப்பு வரும். போகும் முன் தலைமையாசிரியர் எண்ணுக்கு மாற்றி, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே நுழைந்து சோதித்துப் பாருங்கள். என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேறிய பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். வருஷா வருஷம் புதுப்பிக்காவிட்டால் நின்றுபோகும். அந்தப் பெயர்ப்பட்டியலைத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள்.

அறிவியல் ஆசிரியர் என்பதால் ஆய்வகமும் உண்டு. இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு அலமாரியை எண்ணுங்கள். உடைந்த கண்ணாடிப் பொருள்களை உடைசல் கணக்கில் எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் அது உங்கள் பாக்கியாகவே நிற்கும். சோடியம் மண்ணெண்ணெயில் முழுதாக மூழ்கியிருக்கிறதா, அமிலப் புட்டிகளில் பெயர்ச்சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து வருபவர் புதியவராக இருக்கலாம். பெயரில்லாத புட்டியை அவர் மோந்து பார்க்கக் கூடாது.

—

நாலாம்_பீரியட்:

தஆ ஐயா சொன்னது பள்ளிக்கான ஒப்படைப்பு. பிள்ளைகளுக்கான ஒப்படைப்பு வேறு. அதை யாரும் கேட்க மாட்டார்கள், எந்தப் படிவமும் கிடையாது. உங்கள் குற்றவுணர்ச்சியில் பாதி இங்கேதான் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

வகுப்புக்கு ஒரு தாள் போதும். பணிமுடிப்புப் பதிவேட்டில் மூன்று பாடம் முடிந்தது என்று இருக்கும். பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதை அது சொல்லாது. நீங்கள் எழுதுங்கள்: ‘ஒளியியலில் கதிர்ப்படம் வரைவார்கள், கணக்கில் குறியீடு தவறும்’, ‘பின்னம் தெரியாமல் இயற்கணிதத்துக்கு வந்தவர்கள் இன்னின்னார்’. பிள்ளை ஒருவருக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அந்த வரியில் எது பலித்தது என்பது இருக்க வேண்டும். ‘கேள்வியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் பதில் எழுதுவான்.’ ‘வீட்டில் படிக்க இடமில்லை, வீட்டுப்பாடம் மதிய இடைவேளையில்.’ ‘மந்தம்’, ‘சேட்டை’, ‘அக்கறையில்லாத குடும்பம்’ என்று எழுதினால் வரும் ஆசிரியர் முதல் நாளே அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். அதற்கு எழுதாமலே இருக்கலாம்.

குழந்தைத் திருமணப் பேச்சு, வீட்டில் அடி போன்றவற்றைத் தாளில் எழுதவே கூடாது. தலைமையாசிரியரிடம் நேரில், தனியாகச் சொல்லுங்கள். ஆபத்து உடனடியானது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள், அடுத்தவருக்கு விட்டு வைக்காதீர்கள்.

பத்தாம் வகுப்பில் முக்கியமான ஒரு பட்டியல்: பொங்கலுக்குப் பிறகு ஊரைவிட்டுப் போகக்கூடிய பிள்ளைகள். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 என்று குறைந்தபட்சம் தனித்தனியாக எடுக்க வேண்டும், மொத்தம் 35. செய்முறை, எழுத்துத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பிவிடலாம் என்று பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே செய்முறை போய்விடும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊரிலேயே தங்கும் பாட்டியோ சித்தப்பாவோ, ஒருவர் பெயரும் தொடர்பு எண்ணும் இருக்கட்டும். உங்களிடம் மட்டும் இருக்கும் அறிவு இதுதான். எழுதி வைக்காவிட்டால் உங்களோடு கீழே இறங்கிவிடும்.

சொல்வது எப்போது என்றால், தேதி உறுதியானதும், ஒரு வாரம் இருக்கும்போது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வேண்டாம், ஒவ்வொரு வகுப்பிலும் தனித்தனியாக. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் சொல்லிவிட்டுப் போனால் கேட்க நினைத்ததைக் கேட்க அவர்களுக்கு நாள் இருக்காது. ‘எங்களாலதான் போறீங்களா?’ என்று கட்டாயம் யாராவது கேட்கும், அல்லது கேட்காமல் மனதில் வைத்துக்கொள்ளும். கேட்கும் முன்பே நீங்கள் சொல்லுங்கள்: இல்லை, வீட்டுக்குப் பக்கத்தில் வேலை கேட்டிருந்தேன், கிடைத்தது. அவ்வளவு போதும். ‘மாசம் ஒருதடவை வருவேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்கு முன்னால் போனவர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

—

சங்கத்துக்_குரல்:

தோழர், இதில் குற்றவுணர்ச்சி எங்கிருந்து வந்தது? கணிதப் பணியிடம் காலியாக இருந்தது உங்கள் குற்றமா? ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். சேர்க்கை குறைந்தால் பணியிடம் போகிறது, பணியிடம் போனால் சேர்க்கை இன்னும் குறைகிறது. மலைப்பள்ளிகளை இந்தச் சுழல்தான் தின்கிறது, உங்கள் மாறுதல் அல்ல.

செய்ய வேண்டிய ஒன்று உண்டு. நீங்கள் விடுவிக்கப்பட்ட அன்றே உங்கள் பணியிடம் காலி என்று தலைமையாசிரியர் மேலே தெரிவிக்கட்டும். கூடவே பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுத் தற்காலிக ஆசிரியர் கேட்கச் சொல்லுங்கள். 2022-ல் பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய் என்று தொடங்கிய தொகுப்பூதியம் பிறகு உயர்ந்தது. மலைமேல் பி.எட். முடித்தவர் கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் தீர்மானமே இல்லையென்றால் கேட்பதற்கும் வழியில்லை. குழுவில் இருக்கும் பெற்றோரிடம் இதை நீங்கள் எடுத்துச் சொல்லிவிட்டுப் போகலாம்.

—

மனநல_ஆலோசனை:

மேலே தோழர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் குற்றவுணர்ச்சி வாதத்தில் தோற்று ஓடாது. ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடது பக்கம் நான் செய்து முடிக்கக்கூடியது, வலது பக்கம் துறை செய்ய வேண்டியது. ஒப்படைப்புத் தாள், ஓ.டி.பி. மாற்றம், பெயர்ப்பட்டியல் இடது. காலிப் பணியிடம், பேருந்து வசதி, பெற்றோரின் பிழைப்பு வலது. இடதில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். வலதில் இருப்பதை நினைத்து விழித்துக் கிடப்பதால் பிள்ளைகளுக்கு எதுவும் நடக்காது.

அசதிக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு ‘பணி அசதி’யை (பர்ன்அவுட்) நோயாக அல்ல, பணிசார்ந்த நிலையாகச் சேர்த்திருக்கிறது. மூன்று அடையாளம்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சலோ அவநம்பிக்கையோ படர்வது, ‘நான் செய்து எதுவும் ஆகவில்லை’ என்ற எண்ணம். சந்தோஷமும் அழுகையும் வராமல் மரத்துப்போவது இதில் வழக்கம். கல்நெஞ்சம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். ஆணை வந்தபிறகு அசதி கூடுவதும் வழக்கம்தான். வேலை நெருக்கும்வரை உடம்பு தாங்கிப் பிடிக்கிறது, பிடி தளர்ந்ததும் கணக்கைக் காட்டுகிறது.

தானாகச் சரியாகுமா என்றால், வேலைச்சுமை உண்மையிலேயே குறைந்தால் பெரும்பாலும் மெதுவாகத் தணியும். தணியாமல் போவதற்கு வழக்கமான காரணம் ஒன்று: அங்கே விட்டுவந்ததை ஈடுகட்டுவதாக நினைத்து, புதுப் பள்ளியில் முதல் வாரமே எமிஸ், கலைத்திருவிழா, சாரணர் என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வது. முதல் பருவம் முடியும்வரை பாடவேளை தவிர ஒரே ஒரு பொறுப்பு போதும். இன்னொன்று, கீழே இருக்கும் சின்னக் குறைகளைப் பார்த்து ‘இதுக்கே இப்படியா, அங்க வந்து பாருங்க’ என்று கோபம் வரும். ஆசிரியர் அறையில் அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

விழிப்பு வந்தால் கைபேசியை எடுக்காதீர்கள். பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் நிர்வாகி பொறுப்பை மாற்றிவிட்டு, விடுவிப்பு நாளன்று வெளியேறுங்கள். ‘இருக்கட்டும், உதவி கேட்பார்கள்’ என்று தங்கினால் இரண்டு பள்ளிக்கு வேலை பார்ப்பீர்கள்.

இதைக் கவனியுங்கள்: பள்ளி சம்பந்தமில்லாத விஷயங்களிலும், அதாவது சாப்பாடு, வீட்டார், பிடித்த பாட்டு எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்கள் போனால் அது பணி அசதி என்ற எல்லையைத் தாண்டியிருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். சாவு பற்றிய எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

—

சுனைப்பாறை:

எல்லோருக்கும் நன்றி. ஓ.டி.பி. விஷயம் தலையில் அடித்த மாதிரி இருந்தது, மூன்று தளமும் என் எண்தான். மடித்த தாளில் வலது பக்கம்தான் நிரம்பி வழிகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். பத்தாம் வகுப்பில் பிரிவு விழாவுக்குத் தலைக்கு இருபது ரூபாய் வசூல் நடப்பதாகக் காதில் விழுந்தது. தடுத்தால் மனசு கஷ்டப்படுவார்களா? சில பிள்ளைகள் என் கைபேசி எண்ணும் கேட்கிறார்கள்.

—

நாலாம்_பீரியட்:

வசூலை இன்றைக்கே நிறுத்துங்கள் சார். தர முடியாத பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும், கடைசி நாளில் பார்க்க முடியாமல் போவது அந்தப் பிள்ளையைத்தான். வகுப்புத் தலைவனிடம் சொல்லி, வாங்கியதைப் பெயர் வாசிக்காமல் திருப்பிக் கொடுக்க வையுங்கள். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று நின்றால், ஆய்வகப் புட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டும் வேலையைக் கொடுங்கள். அமிலப் புட்டிகளை மட்டும் நீங்களே ஒட்டுங்கள். தஆ ஐயா சொன்ன வேலையும் முடியும், ஒரு மதியம் எல்லோரும் கூட இருந்த மாதிரியும் இருக்கும்.

சொந்த எண் வேண்டாம். பதினாறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளோடு தனிப்பட்ட தொடர்பு இரு தரப்புக்கும் சிக்கல். புதுப் பள்ளியின் முகவரியைப் பலகையில் எழுதுங்கள், கடிதம் போடட்டும். மேற்படிப்பு சந்தேகத்துக்குப் பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். கடிதம் வந்தால் பள்ளி முகவரிக்கே, தலைமையாசிரியர் மூலமாகப் பதில் போடுங்கள்.